கூரை வெட்டிய மொறிஸ் மைனர்: வாங்கிய முற்பணத்தை என்ன செய்வது?

கேள்வி: கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். அப்பா 1978இல் வாங்கிய 1959ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 எங்கள் வீட்டில் நிற்கிறது. மடக்கும் கன்வஸ் கூரை. ஒரு காலத்தில் கல்யாண ஊர்வலங்களுக்கு ஓடிய கார். அப்பா 2017இல் காலமானார். மூன்று வருடமாக 14 லட்சம் ரூபா செலவழித்து அதைத் திருத்தி, "அசல் கொன்வேர்டிபிள், சேகரிப்பாளர்களுக்கு மட்டும்" என்று விளம்பரம் போட்டேன். கொழும்பில் ஒருவர் 36 லட்சத்துக்குச் சம்மதித்து 4 லட்சம் முற்பணத்தை வங்கியில் போட்டார். பிறகு மெக்கானிக்குடன் வந்து பார்த்துவிட்டு, இது கூரை வெட்டிய சலூன், அதாவது நிலையான கூரையோடு வந்த மூடிய கார் என்கிறார். முற்பணத்தை இரட்டிப்பாகத் தராவிட்டால் பொலிசில் மோசடி முறைப்பாடு கொடுப்பாராம். சட்டத்தரணி மூலம் கடிதமும் வந்துவிட்டது. வேறொருவர் அதே விலைக்கு வாங்கத் தயாராக நிற்கிறார். காரின் பதிவுப் புத்தகம் இன்னும் அப்பாவின் பெயரில்தான். அம்மா என்னோடு இருக்கிறார். கனடாவில் உள்ள ஒரே தம்பி, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி தனக்குத்தான் முதல் உரிமை என்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டாவது ஆளிடம் இன்றைக்கு ஒன்றும் கதைக்க வேண்டாம். ஒரு ரூபாவும் வாங்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன். முதலில் அந்தக் கடிதம்.

சட்டத்தரணியின் கடிதம் வந்தால் லாச்சிக்குள் வைத்துவிட்டு, "வழக்குப் போடட்டும், பார்ப்பம்" என்று இருப்பவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். கொடுக்கல் வாங்கலில் அது ஆபத்து. 1948இல் தீர்ப்பான சரவணமுத்து எதிர் டி மெல் வழக்கு இந்த நாட்டுச் சட்டத்தரணிகள் எல்லோருக்கும் தெரிந்தது. வியாபாரக் கடிதம் ஒன்றில் இன்னது நடந்தது என்று ஒருவர் எழுதினால், அதை ஏற்காதவர் பதில் எழுத வேண்டும். எழுதாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாக நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு வந்த கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் "தெரிந்துகொண்டே ஏமாற்றினீர்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. அந்த ஒரு வரிக்காகவே பதில் போக வேண்டும். பதிவுத் தபாலில், ஒரு சட்டத்தரணியின் கையால், இந்தக் கிழமைக்குள்.

பதிலில் என்ன எழுதுவது என்பது காரைப் பொறுத்தது. நீங்கள் அனுப்பிய எட்டுப் படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சொல்ல மனவருத்தமாக இருக்கிறது, கொழும்புக்காரர் சொல்வது சரி.

பொன்னெற்றைத் திறந்து எடுத்த படத்தில் காரின் அடையாள எண் பொறித்த சின்னத் தகடு தெளிவாகத் தெரிகிறது. எண்ணின் முன்னெழுத்துகள் எம்ஏ2எஸ்3. அதிலுள்ள 2எஸ் என்பது இரண்டு கதவுச் சலூனைக் குறிக்கும். தொழிற்சாலையிலேயே திறந்த காராகச் செய்த மைனர் என்றால் அந்த இடத்தில் டூரருக்குரிய 'ரி' எழுத்து இருந்திருக்கும். மொறிஸ் நிறுவனம் 1948இலிருந்து 1969 வரை மைனரைத் திறந்த காராகவும் செய்து விற்றது. இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடம்புதான் பாரத்தைத் தாங்குகிறது. அதனால் கூரை இல்லாமல் செய்தபோது கதவுக்குக் கீழ் ஓடும் பெட்டித் தகட்டுக்குள்ளும் கதவுத் தூண்களிலும் மேலதிக இரும்பு வைத்தார்கள். உங்கள் காரில் அது இல்லை. பக்கத்தில் நின்று எடுத்த படத்தைப் பாருங்கள். கதவின் மேல் இடைவெளி ஒரு காசு நுழையாத அளவுக்கு நெருங்கியிருக்கிறது, கீழே விரலே போகும். கூரையை எடுத்த பிறகு நடு உடம்பு தொய்ந்து வருகிறது என்று அர்த்தம். கதவுத் தூணின் உச்சியில் பெயின்ற் ஓரிடத்தில் மட்டும் வெடித்திருக்கிறது. வெட்டிய இடத்தைப் புட்டி வைத்து மறைத்தது அங்கேதான்.

இவ்வளவும் வேண்டியதில்லை, புத்தகமே சொல்கிறது. 95 ஒக்ரோபர் இடப்பெயர்வில் உங்கள் அம்மா பிஸ்கற் ரின்னுக்குள் வைத்துத் தென்மராட்சிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த அதே புத்தகம். உடல் வகை என்ற இடத்தில் சலூன் என்றே எழுதியிருக்கிறது. எஞ்சின் இலக்கமும் இப்போது காரில் உள்ளதோடு பொருந்தவில்லை. பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய வருடங்களில் எஞ்சின் மாற்றியவர்கள் பலர், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் சேகரிப்பவர்களிடம் "அசல்" என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. அவர் 36 லட்சம் பேசியது அந்தச் சொல்லுக்காகத்தான்.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 1896ஆம் ஆண்டின் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஒரு பொருளை இன்னது என்று விபரித்து விற்றால், கொடுக்கும் பொருள் அந்த விபரிப்புக்குப் பொருந்த வேண்டும் என்பது எழுதாமலே உள்ள நிபந்தனை. பொருந்தாவிட்டால் வாங்குபவர் மறுக்கலாம், கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையே என்ற வாதம் நிற்காது. விலையில் ஒரு பகுதி கைமாறிவிட்டது, விளம்பரமும் வட்ஸ்அப் செய்திகளும் இருக்கின்றன. மின்னணுச் செய்திகளுக்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே அவற்றை அழிக்க வேண்டாம். உங்களுக்கு உதவும் செய்திகளும் அதற்குள்தான் உண்டு.

4 லட்சத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இரட்டிப்பாகக் கொடுக்கத் தேவையில்லை. அப்படி ஒரு பேச்சு உங்களுக்குள் இருந்ததாக அவருடைய கடிதமே சொல்லவில்லை. மெக்கானிக்கைக் கூட்டிவந்த செலவு, தங்கிய செலவு என்று உண்மையாகக் கைவிட்டுப் போனதை அவர் கணக்குக் காட்டிக் கேட்கலாம், அது பெரிய தொகையாக இராது. அதைக் கொடுத்துத் தீர்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். வங்கி மூலமே திருப்பிப் போடுங்கள், இனி எந்த உரிமைக் கோரிக்கையும் இல்லை என்று அவரிடம் எழுத்தில் வாங்குங்கள். அவர் சம்மதிக்காமல் வழக்குக்குப் போவதானாலும் இந்தத் தொகைக்கு முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அங்கே நீங்களே நேரில் போய் இருந்து கதைக்கலாம்.

பொலிஸ் பயம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்றுக்கு, காசு வாங்கிய அந்த நேரத்திலேயே நேர்மையற்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். அப்பா வாங்கும்போதே கூரை இப்படித்தான் இருந்தது என்று அம்மாவுக்குத் தெரியும், கார் வந்த அன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படமும் இருக்கிறது. நீங்கள் பிறந்ததில் இருந்து அதைத் திறந்த காராகவே பார்த்திருக்கிறீர்கள். அந்தப் படத்தின் பிரதியும் அம்மாவின் சத்தியக்கடதாசியும் பதில் கடிதத்தோடு போகட்டும்.

சரி, இப்போது இரண்டாவது ஆள். நேற்று வரை உங்களுக்குத் தெரியாது. இன்றைக்குத் தெரியும். அதே "அசல்" விளம்பரத்தைக் காட்டி அவரிடம் ஒரு சதம் வாங்கினாலும், தெரியாமல் செய்தேன் என்று இனி சொல்ல முடியாது. கொழும்புக்காரரின் கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். விளம்பரத்தை இன்றிரவே எடுத்துவிடுங்கள்.

தம்பி சொல்லும் முதல் உரிமை தேசவழமையில் உண்டுதான், முற்கொள்வனவு என்பார்கள். அது காணி, வீடு போன்ற அசையாச் சொத்துக்கு. காருக்கு இல்லை. ஆனால் அவருக்குப் பங்கு உண்டு. அப்பா கல்யாணத்துக்குப் பிறகு உழைத்து வாங்கிய கார் என்பதால் அது தேடியதேட்டம். இறுதி விருப்பம் எழுதாமல் அவர் காலமானதால், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமை, வாரிசுரிமைக் கட்டளைச் சட்டமும் அதன் 1947 திருத்தமும் சொல்கிறபடி பாதி அம்மாவுக்கு, மற்றப் பாதி பிள்ளைகளுக்கு. நீங்கள் இருவர் என்பதால் ஆளுக்குக் கால்வாசி. ஆக நீங்கள் விற்கப் புறப்பட்ட காரில் உங்களுடையது கால்வாசிதான். அம்மாவின் பாதியை நீங்கள் கேட்டதாகவே கடிதத்தில் இல்லை, அது எனக்கு உறுத்தியது. எழுபத்தெட்டு வயது, காதும் மந்தம் என்றாலும் கேட்க வேண்டியது முதலில் அவரைத்தான்.

நீங்கள் போட்ட 14 லட்சம் வீண்போகாது. கூட்டுச் சொத்தைக் காப்பாற்றவும் மதிப்புக் கூட்டவும் ஒருவர் நியாயமாகச் செய்த செலவை, விற்ற காசில் இருந்து முதலில் கழித்துக் கேட்கலாம். பற்றுச்சீட்டுகளைத் தேடி எடுங்கள். தகர வேலைக்குக் கையில் கொடுத்த காசுக்கு அந்தத் தகர வேலைக்காரரிடமோ மெக்கானிக்கிடமோ இப்போதாவது எழுதி வாங்குங்கள். தம்பிக்கு இதைக் கணக்காக அனுப்பிக் காட்டினால் குரல் தணியும் என்று நினைக்கிறேன். சம்மதித்தால் அவர் ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் தனக்காகச் செயற்பட அதிகாரம் கொடுக்கும் அற்றோர்னித் தத்துவம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பலாம்.

உங்கள் கடிதத்தின் அடியில் பேனையால் சின்னதாக ஒன்று எழுதியிருந்தீர்கள்: "அப்பாவின் கையெழுத்தை நீங்களே போட்டு ஓப்பின் பேப்பரில் கொடுத்துவிடுங்கோ என்று தரகர் சொல்கிறார்." ஓப்பின் பேப்பர் என்றால் வாங்குபவரின் பெயர் எழுதாமல், விற்பவரின் கையெழுத்து மட்டும் போட்ட உரிமை மாற்றப் படிவம். தயவுசெய்து அந்தப் பக்கமே போக வேண்டாம். 2017இல் இறந்தவர் இன்றைக்கு எம்ரிஏ 8 என்ற அந்த உரிமை மாற்றப் படிவத்தில் கையெழுத்திட்டதாகக் காட்டுவது பொய் ஆவணம் புனைந்த குற்றம். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மரணச் சான்றிதழ் ஒன்று போனாலே பிடிபடும். தரகர் அப்போது உங்களோடு நிற்க மாட்டார். ஓப்பின் பேப்பர் என்பதே கெட்ட பழக்கம். கார் நாளைக்கு எங்காவது ஆளை மோதினால் முதலில் தேடுவது புத்தகத்தில் பெயர் உள்ளவரை. நேர்வழி மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்குப் போட்டு, அப்பாவின் சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தை அம்மாவோ நீங்களோ பெறுவது. மற்ற இருவரும் சம்மதம் தெரிவித்தால் இழுபறி இருக்காது. அதன் பிறகு புத்தகத்தை மாற்றும்போதே எஞ்சின் இலக்கத்தையும் உடல் வகையையும் திருத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கார் விற்கும். திறந்த மைனருக்கு ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், விலைதான் இறங்கும். விளம்பரத்தில் இப்படிப் போடுங்கள்: "1959 மொறிஸ் மைனர் 1000, இரண்டு கதவுச் சலூனாக வந்தது, 1978க்கு முன் திறந்த காராக மாற்றப்பட்டது, எஞ்சின் மாற்றப்பட்டது, 1978இலிருந்து ஒரே குடும்பத்தில் இருக்கிறது." கொழும்புக்காரருக்கே இந்த விபரிப்போடு புதிய விலை ஒன்றைச் சொல்லிப் பார்க்கலாம், காரைப் பார்க்கும்போது அவர் கண் மலர்ந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் யாருக்குக் கொடுப்பதானாலும், கதவுக்குக் கீழ்த் தகட்டைத் திறந்து அந்த மேலதிக இரும்பை வைத்த பிறகு கொடுங்கள். இப்போது உள்ள நிலையில் பலாலி வீதியில் ஒரு குழியில் விழுந்தாலே கதவு திறபடாமல் இறுகிவிடும், உள்ளே ஆட்கள் இருப்பார்கள்.

சட்டத்தரணியிடம் போகும்போது புத்தகம், மரணச் சான்றிதழ், அம்மா அப்பாவின் விவாகச் சான்றிதழ், வந்த கடிதத்தின் மூலப் பிரதியும் உறையும், வங்கிக் கூற்று இவற்றைக் கொண்டுபோங்கள். உறையில் உள்ள தபால் முத்திரைத் திகதி முக்கியம், அதைக் கிழித்துவிட வேண்டாம்.