நானூறு டோன் வேண்டாம், டச் இருந்தால் போதும்

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு வயது 41. பள்ளியில் கணக்கு டீச்சர். சின்ன வயதில் கீதம் வரைக்கும் பாட்டு கற்றேன், அதோடு நின்றுபோனது. பியானோ வாசிக்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. மகளின் சின்ன கீபோர்டில் சில பாட்டுகளை ஒரு கையால் தடவித் தடவி வாசிக்கிறேன். ஜங்ஷனில் ஒரு கடையில் விசாரித்தபோது நானூறு டோன் (வாத்திய ஒலிகள்), நூறு ரிதம் (தானாக ஓடும் தாளப் பின்னணி) உள்ள ஒன்றைக் காட்டினார்கள். சென்னையில் இருக்கும் தம்பி, "வாங்கினால் 88 கீ வெயிட்டடு வாங்கு, இல்லாவிட்டால் வாங்காதே" என்கிறான். கையில் இருப்பது 15,000 ரூபாய். பக்கத்தில் வாத்தியார் யாரும் இல்லை. இரவு ஒன்பது மணிக்கு மேல் அரை மணி நேரம்தான் கிடைக்கும். எதை வாங்குவது? தானாகக் கற்க முடியுமா? மேற்கத்திய நொட்டேஷன் படிக்கத் தெரிய வேண்டுமா?
- அம்பாசமுத்திரம் வாசகி

பதில்: தாராளமாகக் கற்கலாம், தங்கச்சி. உங்களுக்கு ஸ்வரம் தெரியும், தாளம் போடத் தெரியும். புதிதாக வருகிற பலருக்கு இரண்டுமே கிடையாது. ஆனால் கடையில் காட்டியதை அப்படியே வாங்கி வந்தால், மகளின் கீபோர்டில் இப்போது செய்வதையே பெரிய கீபோர்டிலும் செய்துகொண்டிருப்பீர்கள். வலது கை மெட்டை வாசிக்கும், மற்றதை ரிதம் பட்டன் பார்த்துக்கொள்ளும். நம் பக்கத்தில் ஆசையாகக் கீபோர்டு வாங்கியவர்கள் பலர் அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறார்கள். எனக்கு அதில் நிஜமான வருத்தம் உண்டு. நீங்கள் கேட்டது பியானோ. அதற்கு வேண்டியது இரண்டே: விரலின் வேகத்துக்குத் தகுந்தபடி ஒலிக்கும் கீ, முதல் நாளிலிருந்தே வேலை செய்யும் இடது கை.

முதலில் கீயைப் பார்ப்போம். நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்தின் இசைத்தூண்களில் மெல்லத் தட்டினால் மெல்லவும், சற்று அழுத்தித் தட்டினால் கூடுதலாகவும் நாதம் வரும். பியானோவும் அப்படித்தான். கீயை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் கம்பியில் போய் அடிக்கிறது. கீ எவ்வளவு வேகமாக இறங்குகிறதோ அவ்வளவு சத்தம். கீபோர்டில் கம்பியும் இல்லை, சுத்தியலும் இல்லை. டச் உள்ள கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் அடியில் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். ஒன்று முதலில் தொடும், அடுத்தது கொஞ்சம் பிந்தித் தொடும். அந்த இடைவெளியை அளந்து சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறது. இதைத்தான் பெட்டியில் 'டச் ரெஸ்பான்ஸ்' என்று போட்டிருப்பார்கள். இது இல்லாத கீபோர்டில் எப்படித் தொட்டாலும் ஒரே சத்தம். அதில் ஒரு வருஷம் பழகிய விரலைத் திருத்துவது பெரும்பாடு.

இதில் ஏமாறுவது சுலபம். காசியோவில் சிடி-எஸ்200, சிடி-எஸ்300 இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். டச் இருப்பது 300-இல் மட்டும். யமஹாவில் பிஎஸ்ஆர்-இ273-இல் டச் கிடையாது, இ373-இல் உண்டு. ஆயிரம் இரண்டாயிரம் குறைகிறதே என்று டச் இல்லாத ரகத்தை எடுத்துவிடாதீர்கள். மாடல் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும், கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பவும் வேண்டாம். வால்யூமைப் பாதியில் வைத்து, பியானோ டோனைப் போட்டு, ஒரே கீயைப் பூப்போல ஒருமுறை, பட்டென்று ஒருமுறை அழுத்துங்கள். இரண்டும் ஒரே சத்தமாக வந்தால், மெனுவில் டச் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று கேளுங்கள். அதற்கும் மாறவில்லையென்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

மற்றபடி 61 கீ, எல்லாம் முழு அளவில், பெடல் (நாதத்தை நீட்டிக்கும் கால்மிதி) மாட்ட ஒரு துளை, ஹெட்போன் துளை. இவ்வளவு போதும். நானூறு டோனில் நீங்கள் நாலைத் தொட்டால் அதிகம். மகளின் கீபோர்டு சிறிய கீ உள்ளது என்றால் அதில் பழக வேண்டாம், விரலின் இடைவெளியே தப்பாகப் படிந்துவிடும்.

தம்பி சொல்வது தப்பில்லை. 88 கீயும், வெயிட்டடு என்கிற கனமான கீயும்தான் பியானோவுக்கு நெருக்கம். ஆனால் அந்த ரகம் உங்கள் 15,000-க்குள் புதிதாக வராது. பத்துக் கிலோவுக்கு மேல் இருப்பதால் எடுத்து வைத்து எடுத்து வைத்து வாசிக்கவும் முடியாது. முதல் ஒன்றரை வருஷப் பாடங்கள் 61 கீயின் ஐந்து ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். அப்புறமும் ஆசை குறையாமல் இருந்தால் அப்போது மாற்றிக்கொள்ளலாம்.

பழையது வாங்குவதாக இருந்தால் 61 கீயையும் ஒன்று விடாமல் ஒரே அழுத்தத்தில் தட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் கத்தினாலோ ஊமையாக இருந்தாலோ, உள்ளே தொடுபுள்ளியில் தூசியோ எறும்போ புகுந்திருக்கும். அடாப்டர் அதனுடையதுதானா என்றும் பாருங்கள். வேறு கம்பெனி அடாப்டரில் வோல்ட்டும் மாறும், சிலவற்றில் பிளஸ் மைனஸ்கூடத் தலைகீழாக இருக்கும்.

சாப்பாட்டு மேஜையில் வைக்காதீர்கள், உயரம் கூடிவிடும், தோள் தூக்கிக்கொள்ளும். எக்ஸ் ஸ்டாண்டு ஒன்று சேர்த்து விலை பேசுங்கள். உட்கார்ந்தால் முழங்கை கீயின் மட்டத்துக்கு இருக்க வேண்டும். பெடல் அடுத்தடுத்த மாதங்களில் வாங்கினால் போதும். முக்கியமாக, கீபோர்டை உறைக்குள் போட்டு பீரோ மேல் ஏற்றிவிடாதீர்கள். ஸ்டாண்டிலேயே இருக்கட்டும், மேலே ஒரு துணி போட்டு வையுங்கள்.

இனி கற்பது. இரட்டைக் கறுப்புக் கட்டைக்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டைதான் சி, நம் ஒரு கட்டை சுருதி. பொதுவாக 61 கீயில் இடமிருந்து மூன்றாவது சி நடு சி. அதை ச என்று வைத்து வெள்ளைக் கட்டைகளிலேயே போனால் சங்கராபரணம். நீங்கள் சரளி வரிசையை மாயாமாளவகௌளையில் கற்றிருப்பீர்கள். அதில் ரியும் தவும் மட்டும் அரைப்படி மேலே ஏறினால் இது வந்துவிடும், காதுக்கு அந்நியமாகவே இருக்காது.

விரல்களுக்கு எண் உண்டு. இரண்டு கையிலும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5. வலது கையில் ச ரி க வுக்கு 1, 2, 3. அடுத்து நான்காம் விரலை நீட்டாமல் கட்டைவிரலை உள்ளங்கைக்கு அடியில் நுழைத்து ம வில் வையுங்கள், பிறகு 2, 3, 4, மேல் ச வுக்கு 5. இறங்கும்போது ம வில் கட்டைவிரல் வந்ததும் அதன் மேலாக மூன்றாம் விரல் தாண்டி க வுக்குப் போகும். இடது கையில் ச ரி க ம ப வுக்கு 5, 4, 3, 2, 1, பிறகு மூன்றாம் விரல் தாண்டி த வுக்கு, 2, 1. கட்டைவிரல் நுழையும் இடத்தில் முழங்கை வெளியே விரியக் கூடாது, சத்தம் அங்கே மட்டும் கூடவும் கூடாது. டச் உள்ள கீபோர்டு வாங்கச் சொன்னதன் அருமை இங்கேதான் புரியும், ஏனென்றால் தப்பை அது காட்டிக் கொடுத்துவிடும்.

இடது கைக்கு மூன்று கார்டு. கார்டு என்றால் சில ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் ஒலிக்க வைப்பது. நடு சி-க்கு ஒரு ஸ்தாயி கீழே ச க ப வை 5, 3, 1 விரலால் சேர்த்து அழுத்துங்கள். இரண்டாவது கார்டுக்குக் கட்டைவிரல் ப விலேயே நிற்கட்டும், இரண்டாம் விரல் ம வில், சுண்டுவிரல் ஒரே ஒரு கட்டை இடப்பக்கம் நகர்ந்து கீழ் நி யில். மூன்றாவதற்கு மறுபடி சுண்டுவிரல் ச வில், இரண்டாம் விரல் ம வில், கட்டைவிரல் மட்டும் ஒரு கட்டை தள்ளி த வுக்கு. கை இடம் பெயரவே இல்லை பாருங்கள், விரல்தான் நகர்கிறது. இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்ற வந்துவிட்டால் எத்தனையோ எளிய பாட்டுகளுக்கு அதுவே போதும்.

இப்போது இரண்டையும் சேருங்கள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கை, மேற்கத்திய நாலுக்கு நாலில் இரண்டு பார் (நாலு எண்ணிக்கை கொண்ட கட்டம்). வலது கையில் ச ரி க ம, இடது கை முதல் கார்டைப் பிடித்தபடி இருக்கட்டும். ப த நி மூன்றுக்கும் இரண்டாவது கார்டு, மேல் ச வரும்போது மறுபடி முதல் கார்டு. சரளி வரிசையின் முதல் வரி அப்படியே பியானோவில் எழுந்து நிற்கும். அந்தச் சந்தோஷத்தை நீங்களே கேட்டுப் பார்க்க வேண்டும். சீராக டிக் டிக் என்று அடிக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 அடியில் வையுங்கள். முதலில் தனித்தனிக் கை, அப்புறம்தான் சேர்ப்பது. இடறினால் வரியை முதலிலிருந்து வாசிக்காமல், இடறிய அந்த இரண்டு ஸ்வரத்தை மட்டும் நாலைந்து தடவை திருப்புங்கள். ரிதம் பட்டனையும், சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனையும் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். நீங்கள் ஐந்து கட்டை சுருதியில், அதாவது ஜி-யில் பாடுகிறவர் என்றால் அங்கேயே ச வை வைத்துப் பழகலாம், நி மட்டும்தான் கறுப்புக் கட்டைக்குப் போகும்.

ஒன்று சொல்லிவிட வேண்டும், நீங்கள் பாடிய கமகம் இந்தக் கட்டைகளில் வராது. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் இருக்கும் நாதத்தைப் பியானோ தொடுவதில்லை. ஸ்வரத்தை நேராக வைத்து, பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்க வைப்பதுதான் அதன் அழகு.

நொட்டேஷன் கற்றுக்கொள்ளுங்கள், கணக்கு டீச்சருக்கு அது கஷ்டமே இல்லை. இரண்டு கை ஒரே நேரத்தில் என்ன செய்கிறது என்பதை அது மேலும் கீழுமாக ஒரே பார்வையில் காட்டும். மூன்று இடத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். இரண்டு ஐந்துகோட்டுத் தொகுதிகளுக்கும் நடுவில் சின்னக் கோட்டில் நிற்பது நடு சி. மேல் தொகுதியில் சுருள் குறி சுற்றுகிற, கீழிருந்து இரண்டாவது கோடு அதற்கு மேலுள்ள ஜி. கீழ்த் தொகுதியில் இரண்டு புள்ளிக்கு நடுவில் போகும், மேலிருந்து இரண்டாவது கோடு, நடு சி-க்குக் கீழுள்ள எஃப். மற்றவற்றை இங்கிருந்து எண்ணிக்கொள்ளலாம். யூடியூபில் வண்ணக் கட்டிகள் மேலிருந்து விழும் வீடியோக்களைப் பார்த்து வாசித்தால் ஒரு பாட்டு வரும், அடுத்த பாட்டுக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும்.

இரவு அரை மணி நேரம் தாராளம். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். சில கீபோர்டுகளில் அந்தத் துளை பெரிதாக இருக்கும், சின்ன கன்வெர்ட்டர் வாங்கணும். கரண்ட் போனாலும் கவலையில்லை, மேலே சொன்ன ரகங்கள் ஆறு டபுள் ஏ செல்லில் ஓடும். வாரம் ஒரு நாள் செல்போனில் பதிவு செய்து மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது காதில் படாத தடுமாற்றமெல்லாம் அதில் கேட்கும்.

மகளுக்கும் பின்னால் கிரேடு பரீட்சை எண்ணம் வந்தால், டிரினிட்டி காலேஜ் லண்டன் பியானோவுக்கும் எலக்ட்ரானிக் கீபோர்டுக்கும் தனித்தனிப் பாடத்திட்டம் வைத்திருக்கிறது. எதில் சேர்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

வாத்தியார் இல்லை என்கிறீர்கள். நம் சீமையில் சர்ச் உள்ள ஊர்கள் ஏராளம். ஞாயிறு ஆராதனைக்குப் பாமாலைப் பாட்டுகளை நாலு குரலோடு வாசிக்கிற ஒருவர் அம்பை, பாளையங்கோட்டைப் பக்கம் விசாரித்தால் கிடைப்பார். வாராவாரம் வேண்டாம். மாதம் ஒருமுறை உங்கள் கையை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்: மணிக்கட்டு தொங்குகிறதா, விரல் தட்டையாகப் படுக்கிறதா, தோள் இறுகுகிறதா. இவை மூன்றும் தனக்குத் தானே தெரியாது. பெரிய பாட்டு எதுவும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை, சங்கராபரணத்தை இரண்டு கையிலும் ஏற்றி இறக்கி, அந்த மூன்று கார்டையும் மாற்றிக் காட்டினால் போதும். சும்மா கேட்காமல், அவர் வந்துபோகும் செலவோடு ஒரு தொகையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.