செருப்புக்குக் காவல் இருந்தவர் கேட்கிறார்: வாசகர் கேள்வி - பதில்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டதால் இம்முறை வந்த கடிதங்களில் தீம் பார்க் பயணங்களைப் பற்றியவையே மிகுதி. அவற்றில் ஐந்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். சிலர் பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருப்பதால் எல்லோருக்குமே ஊர்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டோம்.

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): சென்ற மே மாதம் குடும்பத்தோடு சென்னைக்கு அருகிலுள்ள ஒரு தீம் பார்க்குக்குப் போய் வந்தோம். கணவரும் மகனும் வாசல் திறந்ததிலிருந்து மூடும் வரை ஓடி ஓடி விளையாடினார்கள். எனக்கும் பதினைந்து வயது மகளுக்கும் எப்போது வீடு திரும்புவோம் என்றிருந்தது. இந்த ஆண்டும் அங்கேயே போகலாம் என்கிறார்கள். ஒரே வீட்டில் ஏன் இந்த வேறுபாடு? எங்களுக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லையா?

பதில்: அப்படி நினைத்துக்கொள்ள வேண்டியதில்லை. பரபரப்பை நாடும் குணம் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது என்பதை அமெரிக்க உளவியலாளர் மார்வின் ஜுக்கர்மேன் 1960-களிலேயே ஆராயத் தொடங்கினார். வெளிச்சமும் ஓசையும் இல்லாத அறையில் ஆட்களைத் தனியே இருக்கச் செய்த சோதனைகளில், அந்த வெறுமையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எதிர்கொண்டதுதான் அவரை இந்த ஆராய்ச்சிக்குள் இழுத்தது. 1964-இல் அவர் வெளியிட்ட அளவுகோல் பின்னர் நான்கு கூறுகளாக விரிந்தது: வேகத்தையும் உயரத்தையும் நாடுவது, புதிய அனுபவங்களைத் தேடுவது, கட்டுப்பாட்டைத் தளர்த்திக் கொண்டாடுவது, சலிப்பைத் தாங்க மாட்டாமை. ஒருவரிடம் இந்த நான்கும் ஒரே அளவில் இருக்க வேண்டுமென்பதில்லை. ராட்டினத்தின் பக்கமே போகாதவர், பெயர் தெரியாத ஊரில் இறங்கிக் கிடைத்த உணவைச் சாப்பிட்டுவிட்டு வருவதில் பெரும் இன்பம் காண்பவராக இருக்கலாம். உங்கள் மகள் அந்த வகையைச் சேர்ந்தவரா என்று கவனித்துப் பாருங்கள்.

இது பாதிப் பதில்தான். உங்கள் கடிதத்தில் ஒரு செய்தியை நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்: அன்று நீங்கள் எத்தனை ராட்டினங்களில் ஏறினீர்கள்? இதை எழுதுகிறவர் ஒருமுறை ஏழு ஜோடிச் செருப்பு, நான்கு கைப்பேசி, இரண்டு மூக்குக் கண்ணாடி, சொட்டச் சொட்ட நனைந்த ஒரு துண்டு ஆகியவற்றுக்குக் காவலாகச் சிமெண்டுத் திண்ணையொன்றில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவர். நிழல் நகர நகர மூட்டையோடு தாமும் நகர்ந்துகொண்டிருந்ததுதான் அந்தப் பயணத்தில் அவர் மேற்கொண்ட ஒரே சவாரி. மறுநாள் உறவினரிடம் அவரும் 'எனக்குத் தீம் பார்க் பிடிக்காது' என்றுதான் சொன்னார். உண்மையில் அவருக்குப் பிடிக்காமல் போனது தீம் பார்க் அல்ல, அந்தத் திண்ணைதான். நம் குடும்பங்களில் அந்தத் திண்ணை பெரும்பாலும் அம்மாவுக்கோ பாட்டிக்கோதான் ஒதுக்கப்படுகிறது. காலை நான்கு மணிக்கு எழுந்து கட்டிய புளியோதரையை, வெளி உணவுக்கு அனுமதியில்லை என்று வாசலிலேயே நிறுத்தி வைத்தால், அதன் வருத்தமும் கட்டியவருக்குத்தானே தவிர, உள்ளே ஓடிய மகனுக்கு இல்லை.

மகளின் விஷயம் வேறாக இருக்கலாம். தண்ணீர் விளையாட்டுகளில் பருத்தி உடைக்கும் தொங்கும் துப்பட்டாவுக்கும் பொதுவாக இடம் தருவதில்லை. நைலான் போன்ற துணியில் தைத்த உடைதான் அணிய வேண்டும். கைவசம் இல்லையென்றால் அங்கேயே வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வேண்டும். பதினைந்து வயதுப் பெண் உடலோடு ஒட்டிய ஈர உடையில், கூட்டத்தின் கண்களுக்கு நடுவே, ஒரு விளையாட்டிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போவதென்பது அவளுடைய தந்தையும் தம்பியும் ஒருபோதும் உணராத ஒரு சங்கடம். அவளிடம் தனியே கேளுங்கள். பதில் அதுவானால், தண்ணீர்ப் பகுதியை விட்டுவிட்டு மற்ற சவாரிகளுக்கு மட்டும் போவதோ, அலைக்குளத்தில் பெண்களுக்குத் தனிப் பகுதி உள்ள பூங்காவைத் தேர்ந்தெடுப்பதோ அவளுடைய எண்ணத்தை முழுவதுமாக மாற்றிவிடக்கூடும்.

உங்களுக்கான யோசனை சிறியது. பெரும்பாலான பூங்காக்களில் பொருள் வைக்கும் லாக்கர் வாடகைக்குக் கிடைக்கிறது. அந்தப் பணத்தைக் கணவர் முதலிலேயே கட்டட்டும். அதன் பிறகும் உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால், அப்போது அதை உங்கள் சுவை என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி (வாசகர், ஈரோடு): எனக்கு வயது 28. குடைராட்டினத்தில் ஏறினால்கூடத் தலைசுற்றி வாந்தி வந்துவிடுகிறது. நண்பர்கள் பயந்தாங்கொள்ளி என்று கேலி செய்கிறார்கள். பழகப் பழகச் சரியாகுமா?

பதில்: உங்களுக்கு இருப்பது பயம் அன்று, அது காதுக்குள் நடக்கும் விவகாரம். உட்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை சுழலும்போது அவற்றிலுள்ள திரவத்தின் அசைவைக் கொண்டு மூளை சுழற்சியை அறிகிறது. ராட்டினம் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுச் சட்டென்று நிற்கும்போது, குழலுக்குள் உள்ள திரவம் உடனே ஓய்வதில்லை. கண் 'நின்றுவிட்டோம்' என்கிறது, காது 'இன்னும் சுற்றுகிறோம்' என்கிறது. இந்த முரண்பாட்டின் விளைவுதான் குமட்டல். ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இது கூடுதலாக இருக்கும். மலைப்பாதைப் பேருந்தில் ஜன்னலோர இருக்கைக்கு அடம் பிடித்த பிள்ளையா நீங்கள் என்று கேட்டால், ஆம் என்றுதான் சொல்வீர்கள் என்று நினைக்கிறோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குடைராட்டினம் ஒத்துக்கொள்ளாத சிலருக்கு ரோலர் கோஸ்டர் ஒத்துக்கொள்கிறது. அது ஒரே திசையில் நெடுநேரம் சுற்றுவதில்லை. ஏறி, இறங்கி, புரண்டு சில நிமிடங்களில் முடிந்துவிடும். அதன் தலைகீழ் வளையம்கூட முழு வட்டமாக இருப்பதில்லை. முழு வட்டமாக அமைத்தால் அடிப்பகுதியில் நுழையும்போது உடலை அழுத்தும் விசை கழுத்து தாங்காத அளவுக்குப் போய்விடும் என்பதால், கவிழ்த்த நீர்த்துளியைப் போல மேலே குறுகி வளைத்திருப்பார்கள். 1976-இல் கலிஃபோர்னியாவில் ஜெர்மானியப் பொறியாளர்கள் இந்த வடிவத்தில் அமைத்துக் காட்டிய பிறகுதான் தலைகீழ் வளையங்கள் உலகெங்கும் பரவின. நேர்மாறாக, திரைக்கு முன் நாற்காலி ஆடும் 'சிமுலேட்டர்' வகைச் சவாரிகள் உங்களுக்கு ஆகாது. அங்கே கண் பறக்கிறது, உடல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சிறிய அளவில் திரும்பத் திரும்ப ஏறினால் ஓரளவு பழகும். ஆனால் நண்பர்களின் கேலிக்காக அந்தப் பயிற்சியை மேற்கொள்வது வயிற்றுக்குச் செய்யும் அநியாயம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி (வாசகர், சேலம்): டெக்சாஸில் இருக்கும் மகன் எங்களை ஜூலையில் அழைக்கிறான். ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவிலுள்ள டிஸ்னி வேர்ல்டுக்கு நான்கு நாள் கூட்டிப் போவதாகத் திட்டம். ஓர் ஆளுக்கு ஒரு நாள் கட்டணத்தைக் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. அவ்வளவு பணம் கொடுத்துவிட்டு நாள் முழுவதும் வரிசையில் நிற்பதில் என்ன இன்பம்? மருமகளோ மூன்றாவது முறையாகப் போகிறாள்.

பதில்: உங்கள் அதிர்ச்சியில் நியாயம் இருக்கிறது. 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் முதல் டிஸ்னிலேண்ட் திறக்கப்பட்டபோது நுழைவுக் கட்டணம் 1 டாலர், சவாரிகளுக்குத் தனிச் சீட்டு. ஆர்லாண்டோவின் டிஸ்னி வேர்ல்டு 1971-இல் வந்தது. சுமார் 100 சதுர கிலோமீட்டர் பரப்பு, நான்கு பெரும் பூங்காக்கள். அங்கே ஒரு நாள் சீட்டு 2015-லேயே 100 டாலரைத் தாண்டிவிட்டது. வரிசையில் முந்திச் செல்வதற்கு 1999 முதல் இலவசமாகத் தரப்பட்ட சீட்டும் 2021 முதல் கட்டணச் சேவையாகிவிட்டது. சிறப்பு தரிசன வரிசைக்கும் தர்ம தரிசன வரிசைக்கும் உள்ள உறவு உங்களுக்குத் தெரியாததல்ல. இதுவும் ஏறக்குறைய அதுவே, தெய்வம் மட்டும் வேறு.

இத்தனைக்கும் பிறகு உங்கள் மருமகள் மூன்றாம் முறை போவதற்குக் காரணம், ஒரு நாளை நாம் அனுபவிக்கும் விதமும் அதைப் பிறகு நினைவில் வைத்துக்கொள்ளும் விதமும் வேறு வேறாக இருப்பதுதான். நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டேனியல் கானமனும் உடனிருந்தவர்களும் 1993-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், ஆட்கள் குளிர்ந்த நீரில் ஒரு கையை 60 விநாடி வைத்திருந்தார்கள். இன்னொரு முறை அதே 60 விநாடியோடு, நீர் சிறிதளவு மட்டும் வெதுவெதுப்பாகும் மேலும் 30 விநாடி வைத்திருந்தார்கள். மறுபடி எதைச் செய்கிறீர்கள் என்று கேட்டபோது, பெரும்பாலோர் வேதனை அதிகமான நீண்ட சோதனையையே தேர்ந்தெடுத்தார்கள். எவ்வளவு நேரம் துன்பப்பட்டோம் என்பதை மனம் கணக்கில் வைப்பதில்லை. உச்சமும் முடிவும்தான் தங்குகின்றன. பூங்காக்கள் இதை நன்கு அறிந்தவை. 3 நிமிடச் சவாரிக்கு 1 மணி நேரம் நின்றது மறந்துபோகும். இருட்டிய பிறகு கோட்டைக்கு மேலே வெடித்த வாணவேடிக்கையும், அப்போது தோளில் தூங்கிவிழுந்த குழந்தையின் கனமும் நினைவில் நிற்கும்.

வரிசையிலும் இப்படித்தான் மனத்தோடு விளையாடுகிறார்கள். சும்மா நிற்கும் நேரம் நீளமாகத் தெரியும், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு அதைவிட நீளமாகத் தெரியும் என்று நிர்வாகவியல் அறிஞர் டேவிட் மைஸ்டர் 1985-இல் எழுதினார். அதனால்தான் வரிசை வளைந்து வளைந்து செல்கிறது, வழியெல்லாம் பார்க்க ஏதாவது வைக்கிறார்கள், காத்திருக்க வேண்டிய நிமிடங்களை வாசலிலேயே எழுதி வைக்கிறார்கள். இந்த ஏற்பாட்டுக்கு மனம் இணங்குகிறவர்களுக்கு வரிசையும் பயணத்தின் ஒரு பகுதி. உங்களைப் போலக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பவர்களிடம் அந்தத் தந்திரம் பலிப்பதில்லை.

இன்னொன்றும் உண்டு. ஆண்டு முழுவதும் அலுவலகத்தில் முடிவெடுத்துக் களைத்தவர்களில் ஒரு சாரார், சாப்பாடு முதல் சிரிப்பு வரை எல்லாம் முன்கூட்டியே ஏற்பாடான ஓரிடத்தில் தங்களை ஒப்படைத்துவிடும்போதுதான் ஓய்வை உணர்கிறார்கள். இன்னொரு சாராருக்கோ, யாரும் எதையும் ஏற்பாடு செய்யாத ஒரு மாலைதான் ஓய்வு. நீங்கள் இரண்டாம் வகை என்று கடிதமே சொல்கிறது.

போகலாமா என்றால், போங்கள். ஆனால் நான்கு நாளும் வேண்டாம். ஜூலையில் ஆர்லாண்டோவின் புழுக்கம் சென்னையின் புழுக்கத்துக்குக் குறைந்ததல்ல. பிற்பகல்களில் இடியும் மின்னலுமாக மழை கொட்டும், மின்னல் அடித்தால் திறந்தவெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். பேரப்பிள்ளைகளோடு இரண்டு நாள் செல்லுங்கள். முதல் நாள் காலையில் போய் நண்பகலில் அறைக்குத் திரும்பித் தூங்கி, மாலையில் மறுபடி போங்கள். மற்ற இரண்டு நாளும் அறையில் இருந்துகொள்கிறோம் என்று மகனிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. சீட்டு வாங்கிய பிறகு சொன்னால் மனத்தாங்கல் வரும்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை): உண்மையான செஞ்சிக் கோட்டையைப் பார்க்க ஆளில்லை, சிமெண்டில் செய்த பொம்மைக் கோட்டையைப் பார்க்கக் கடல் கடந்து போகிறார்கள். போலியை ரசிக்கிறவர்களுக்கு ரசனை உண்டு என்று எப்படிச் சொல்வது?

பதில்: உங்கள் கோபத்தை 1992-இல் பிரெஞ்சு அறிவுலகமே வெளிப்படுத்தியது. பாரிசுக்கு அருகே அந்த ஆண்டு ஏப்ரல் 12 அன்று யூரோ டிஸ்னி திறக்கப்பட்டபோது, அசல் அரண்மனைகள் நிறைந்த நாட்டுக்கு அமெரிக்காவிலிருந்து அட்டைக் கோட்டையா என்று கேட்டார்கள். நாடக இயக்குநர் அரியான் முனுஷ்கின் அதைப் பண்பாட்டுச் செர்னோபில், அதாவது பண்பாட்டுக்கு நேர்ந்த அணு உலை விபத்து, என்றே வர்ணித்தார். பூங்காவுக்குள் மது கூடாது என்ற அமெரிக்க விதியோ, பகல் உணவோடு திராட்சை மது அருந்திப் பழகிய மக்களுக்குப் பெருங்குறையாகப் பட்டது; மறு ஆண்டே அந்த விதியைத் தளர்த்தினார்கள். தொடக்கத்தில் நஷ்டத்தில் தள்ளாடிய அந்தப் பூங்கா, பின்னர் ஐரோப்பாவில் மிக அதிகமானோர் வந்து செல்லும் இடங்களில் ஒன்றாகிவிட்டது. வருகிறவர்களில் பிரெஞ்சுக்காரர்களே மிகுதி.

கலிஃபோர்னியப் பூங்காவின் கோட்டைக்கு முன்மாதிரிகளில் ஒன்று ஜெர்மனியின் நாய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை என்பார்கள். அதுவும் நீங்கள் நினைக்கும் அர்த்தத்தில் அசல் அல்ல. பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக் 1869-இல் அடிக்கல் நாட்டி, ஒரு நாடக அரங்க ஓவியரின் வரைபடங்களைக் கொண்டு, இடைக்காலக் கோட்டையைப் போலக் கட்டவைத்த கனவு மாளிகை அது. 1886-இல் மன்னர் இறந்த சில வாரங்களிலேயே கட்டணம் வாங்கிப் பார்வையாளர்களை விடத் தொடங்கிவிட்டார்கள்.

ஆகவே, அங்கே போகிறவர்கள் போலியை அசலென்று நம்பி ஏமாறுகிறார்கள் என்று நாங்கள் நினைக்கவில்லை. வெளி உலகம் கண்ணில் படாதபடி டிஸ்னிலேண்டைச் சுற்றி மண்மேடு எழுப்பியிருக்கிறார்கள். 77 அடிக் கோட்டையை இன்னும் உயரமாகக் காட்டுவதற்கு மேலே போகப் போகக் கற்களின் அளவைக் குறைத்திருக்கிறார்கள். நாடகத்துக்குப் போகிறவர் திரைச்சீலையில் வரைந்த காட்டைக் காடு என்று ஏற்றுக்கொள்வதைப் போன்றதுதான் அது. சிலருக்கு அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட மனம் வருகிறது, உங்களுக்கு வரவில்லை. செஞ்சி ராஜகிரியின் படிகளை மூச்சிரைக்க ஏறி, உச்சியில் ஆளரவம் இல்லாமல் நிற்பதன் சுகத்தை அறிந்தவருக்கு வராமலிருப்பது இயல்பே. ஒன்றை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது: செஞ்சியைப் பார்க்க ஆளில்லை என்பது சரியல்ல, விடுமுறை நாளில் போய்ப் பாருங்கள்.

கேள்வி (வாசகி, நாகர்கோவில்): எனக்கு 66 வயது. பேரன் ரோலர் கோஸ்டரில் கூட வரச் சொல்கிறான். ஏறலாமா?

பதில்: இதய நோய், உயர் இரத்த அழுத்தம், கழுத்து அல்லது முதுகுத்தண்டுக் கோளாறு, அண்மையில் அறுவை சிகிச்சை ஆகியவற்றில் எதுவும் இருந்தால் ஏற வேண்டாம், சவாரியின் வாசலில் உள்ள பலகையும் இதையேதான் சொல்லும். எலும்புத் தேய்மானம் உண்டா என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எதுவும் இல்லையென்றால், பேரனின் உயரம் அந்தச் சவாரிக்குப் போதுமா என்று முதலில் அளந்து பார்த்துவிட்டு ஏறுங்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகுவது போதாது, அன்றைக்குச் சுடிதார் அணிவது நல்லது. மூக்குக் கண்ணாடியை மகளிடம் கொடுத்துவிடுங்கள்.