அந்தமான் விமானம் தாமதம், ரத்து: எந்தப் பணத்தை எந்தச் சட்டத்தில் கேட்பது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் வசிக்கிறோம். அரையாண்டு விடுமுறையில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள் அந்தமான் போய்வந்தோம். டிக்கெட் போட்டது பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் உள்ள டிராவல் ஏஜென்ட்டிடம். போகும்போது காலை 5.50 விமானம் 11.25-க்குத்தான் கிளம்பியது. அதனால் 11.45-க்குப் புக் செய்திருந்த ஹேவ்லாக் தீவுப் படகு போய்விட்டது. அங்கே முதல் நாள் அறை வாடகையும் வீண். திரும்பும் விமானம் ஞாயிறு பகல் 1.10-க்கு. அது ரத்து என்று சனி இரவு 8.40-க்கு ஏஜென்ட் வாட்ஸ்அப்பில் சொன்னார். செவ்வாய்க்கிழமை விமானம்தான் தருவோம் என்றது நிறுவனம். திங்கட்கிழமை பள்ளி திறப்பு என்பதால் வேறு நிறுவனத்தில் தலைக்கு 11,800 ரூபாய் கொடுத்து கொல்கத்தா வழியாக வந்து சேர்ந்தோம். இப்போது, கேன்சலேஷன் பிடித்தம் போக மீதியை ‘கிரெடிட்’டாகத் தருவதாக ஏஜென்ட் சொல்கிறார். காரணம் கேட்டால் ‘ஆபரேஷனல் ரீசன்’ என்கிறார்கள். எங்களுக்கு என்ன கிடைக்கும்?

பதில்: பிடித்தமும் வேண்டாம், கிரெடிட்டும் வேண்டாம் என்று இன்றே ஏஜென்ட்டுக்கு எழுத்தில் சொல்லிவிடுங்கள். விமானத்தை ரத்து செய்தது நிறுவனம். அப்படியானால் வரி, கட்டணம் எல்லாம் சேர்த்து முழுத் தொகையும் திரும்ப வரவேண்டும். கிரெடிட்டாக வாங்கிக்கொள்வது பயணியின் விருப்பம். அதைத் திணிக்க முடியாது. ஏஜென்ட் மூலம் எடுத்த டிக்கெட்டுக்கும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கே என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் (டி.ஜி.சி.ஏ.) விதி. ஒரு எச்சரிக்கை: ஆப்பில் உள்ள ‘கேன்சல்’ பொத்தானை நீங்களும் அழுத்த வேண்டாம், ஏஜென்ட்டையும் அழுத்த விடவேண்டாம். அழுத்தினால் பயணியே ரத்து செய்ததாகப் பதிவாகிவிடும். பிடித்தத் தகராறு பெரும்பாலும் அங்கேதான் முளைக்கிறது.

அடுத்தது இழப்பீடு. தாமதத்தையும் ரத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விதி இரண்டுக்கும் வேறு வேறு. டி.ஜி.சி.ஏ.யின் விதித்தொகுப்பான சி.ஏ.ஆர். (சிவில் ஏவியேஷன் ரிக்வயர்மென்ட்ஸ்) பிரிவு 3, தொடர் எம், பகுதி 4 இதைச் சொல்கிறது. புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்பாவது தகவல் தந்து, உங்களுக்கு ஏற்ற மாற்று விமானமோ முழுப் பணமோ கொடுத்தால் ரத்துக்கு இழப்பீடு இல்லை. தராவிட்டால் உண்டு. பறக்கும் நேரம் 1 மணி வரை என்றால் 5,000 ரூபாய், 1-க்கு மேல் 2 மணி வரை 7,500, அதற்கும் மேல் 10,000. இவை உச்சவரம்புகள் மட்டுமே. இந்தத் தொகை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். போர்ட் பிளேர்–சென்னை அட்டவணை நேரம் 2 மணிக்கு மேல், ஆகவே உங்கள் வரம்பு 10,000. நீங்கள் அனுப்பிய டிக்கெட் நகலில் தலைக்கு 6,100 ரூபாய் இருக்கிறது; அதில் அடிப்படையும் எரிபொருளும் 4,900. நால்வருக்கு 19,600. இது டிக்கெட் பணத்துக்கு மேல் தனியாக வரவேண்டிய தொகை.

இந்த 19,600 நிற்குமா விழுமா என்பது ஒரே ஒரு நேரத்தைப் பொறுத்தது: சனிக்கிழமை பகல் 1.10. ஏஜென்ட் உங்களுக்கு அனுப்பியது இரவு 8.40. ஆனால் நிறுவனம் ஏஜென்ட்டுக்கு எப்போது அனுப்பியது? புக்கிங்கில் பயணியின் கைபேசி எண்ணுக்குப் பதில் தங்கள் கடை எண்ணைப் போடும் ஏஜென்ட்டுகள் நிறைய. நிறுவனத்தின் பதிலில் ‘பதிவான எண்ணுக்குக் காலை 11 மணிக்கே குறுஞ்செய்தி அனுப்பிவிட்டோம்’ என்று வந்தால் திகைக்காதீர்கள். போதிய தொடர்பு விவரம் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்ற விதியையும் சேர்த்தே காட்டுவார்கள். எனவே நிறுவனத்துக்கு எழுதும் முன்பே எம்.சி. ரோட்டுக்குப் போய், ஏஜென்ட்டின் கைபேசியில் வந்த மூலக் குறுஞ்செய்தியை, அனுப்பியவர் பெயரும் தேதியும் நேரமும் தெரியும்படி படமெடுத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சல் வந்திருந்தால் உங்களுக்கு ஃபார்வர்டு செய்யச் சொல்லுங்கள். செய்தி 1.10-க்குப் பிறகு வந்திருந்தால் பொறுப்பு நிறுவனத்துடையது. அதற்கு முன்பே வந்து ஏஜென்ட் இரவுவரை சொல்லாமல் இருந்திருந்தால், அது ஏஜென்ட்டின் சேவைக் குறைபாடு. எப்படியானாலும், பின்னால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் இருவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பதே பாதுகாப்பு. ஒருவரை மட்டும் சேர்த்தால் அவர் மற்றவரைக் கைகாட்டிவிட்டு நழுவுவார்.

‘ஆபரேஷனல் ரீசன்’ ஒரு காரணமே அல்ல. மோசமான வானிலை, வெள்ளம், கலவரம், வேலைநிறுத்தம், பாதுகாப்பு ஆபத்து, அரசு உத்தரவு, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு போல நிறுவனத்தின் கைமீறிய சூழலுக்கு மட்டுமே விலக்கு உண்டு. விமானி இல்லை, முந்தைய பயணத்திலிருந்து விமானம் வந்து சேரவில்லை, உதிரிபாகம் இல்லை என்பவை நிறுவனத்தின் சொந்த வீட்டு விவகாரங்கள். பின்னால் ‘வானிலை’ என்று மாற்றிச் சொன்னால் உடைக்க வழி இருக்கிறது. அதே ஞாயிறு பகலில் போர்ட் பிளேரிலிருந்து மற்ற நிறுவனங்களின் விமானங்கள் கிளம்பினவா என்பதை விமானக் கண்காணிப்புத் தளங்களில் பார்த்து ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பழைய பதிவுகள் இலவசமாகச் சில நாள்கள்தான் கிடைக்கும், தள்ளிப்போடாதீர்கள். தவறிவிட்டால் இந்திய விமான நிலைய ஆணையத்துக்கு 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடுங்கள். ‘காரணம் என்ன’ என்று கேட்டால் நிறுவனத்தின் வணிக ரகசியம் என்று மறுக்கக்கூடும். ‘அன்று பகல் 12 முதல் 3 வரை புறப்பட்ட விமானங்களின் அட்டவணை நேரமும் உண்மை நேரமும்’, ‘வானிலையால் ஓடுபாதை மூடப்பட்டதா’ என்று கேளுங்கள்.

இனி, போகும்போது நடந்த 5 மணி 35 நிமிடத் தாமதம். இதற்குப் பணம் என்று சி.ஏ.ஆர். எதுவும் வைக்கவில்லை. பலரும் ஏமாறுவது இங்கேதான். பறக்கும் நேரம் இரண்டரை மணிக்குள் உள்ள விமானம் 2 மணி நேரம் தாமதமானாலே உணவும் சிற்றுண்டியும் தரவேண்டும், அவ்வளவே. 6 மணி நேரத்தைத் தாண்டினால்தான் வேறு விமானமா, முழுப் பணமா என்ற தேர்வு வருகிறது. உங்களுக்கு 25 நிமிடம் குறைகிறது. உணவு தரவில்லை என்றால் விமான நிலையக் கடையில் சாப்பிட்ட 1,240 ரூபாய் பில்லைக் கேட்கலாம்.

படகும் அறையும் போனதற்கு 1972-ஆம் ஆண்டு வான்வழிப் போக்குவரத்துச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைக்குப் போகவேண்டும். உள்நாட்டுப் பயணத்துக்கும் அது நீட்டிக்கப்பட்டுள்ளது. விதி 19-ன்படி தாமதத்தால் விளைந்த நஷ்டத்துக்கு நிறுவனம் பொறுப்பு. தவிர்க்க நியாயமான எல்லா நடவடிக்கையும் எடுத்தோம் என்று நிரூபிக்கும் சுமையும் அவர்கள்மேல்தான். ‘தொடர் நஷ்டத்துக்குப் பொறுப்பல்ல’ என்று டிக்கெட் நிபந்தனையில் பொடி எழுத்தில் இருக்கும். பொறுப்பைக் கழற்றிவிடும் அப்படிப்பட்ட நிபந்தனை செல்லாது என்கிறது விதி 26. ‘நெருக்கமாகப் படகு புக் செய்தது உங்கள் தவறு’ என்ற வாதம் நிச்சயம் வரும். விமானம் 8.10-க்கு இறங்க வேண்டியது, படகு 11.45-க்கு, மூன்றரை மணி நேர இடைவெளி விட்டிருக்கிறீர்கள். இதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். படகு நிறுவனத்திடமும் ஹோட்டலிடமும் ‘பணம் திருப்பித் தரப்படவில்லை’ என்று மின்னஞ்சலில் ஒரு வரி வாங்குங்கள். வெறும் புக்கிங் ரசீது, பணம் திரும்பி வரவில்லை என்பதைக் காட்டாது.

உங்கள் கணக்கு இது: ரத்தான டிக்கெட் 24,400; ரத்துக்கான இழப்பீடு 19,600; புதிய டிக்கெட்டில் கூடுதலாகப் போன 22,800; அறை 5,500; படகு 5,600; உணவு 1,240. மொத்தம் 79,140 ரூபாய். இழப்பீட்டையும் கட்டண வித்தியாசத்தையும் சேர்த்துக் கேட்பது இரட்டிப்பு என்று எதிர்த்தரப்பு வாதாடும். ஆணையம் ஒன்றில் மற்றொன்றைக் கழிக்கவும் கூடும். ஆனாலும் இரண்டையும் கேளுங்கள். கேட்காததை எந்த ஆணையமும் தானாகத் தராது. மன உளைச்சலுக்கு 25,000 என்ற அளவில் நிறுத்துங்கள். பத்து லட்சம் கேட்டால் பில் உள்ள 79,140-ன் மீதே சந்தேகம் விழும்.

நடைமுறைக்கு வருவோம். முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கு மின்னஞ்சல். பதில் சரியில்லை என்றால் அவர்களின் இணையதளத்தில் பெயர் உள்ள நோடல் அதிகாரி (புகார்களைக் கவனிப்பவர்), அதன்பின் மேல்முறையீட்டு அதிகாரி. கூடவே ரத்துச் சான்றும் தாமதச் சான்றும் கேட்டு வாங்குங்கள். பயணக் காப்பீடு எடுத்திருந்தால் அதற்கும் தேவைப்படும். அடுத்து, விமானப் பயணிகள் புகார் தருவதற்கான மத்திய அரசின் ஏர்சேவா தளம். டிக்கெட் பணத்தைப் பெரும்பாலும் அங்கேயே வாங்கிவிடலாம். நஷ்டஈட்டுக்கு அதை நம்ப முடியாது. வவுச்சர் அனுப்பி, ‘முழு மற்றும் இறுதித் தீர்வு’ என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். இழப்பீட்டைப் பணமாகவோ வங்கி மூலமாகவோதான் தரவேண்டும். வவுச்சராகத் தர உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் வேண்டும்.

பலிக்கவில்லை என்றால் சென்னை (வடக்கு) மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். ‘வழக்கு டெல்லியில் மட்டுமே’ என்று டிக்கெட்டில் இருப்பதைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 34, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட உரிமை தருகிறது. கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்பதால் நீதிமன்றக் கட்டணம் கிடையாது. நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் நீங்களே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயமில்லை. மனைவியை இரண்டாம் மனுதாரராகவும், பிள்ளைகளைத் தந்தை வழியாகவும் சேருங்கள். நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம், போர்டிங் பாஸ், டிக்கெட், பில்கள், வங்கிக் கணக்குப் பக்கம் இவை போதும். வாட்ஸ்அப், குறுஞ்செய்திப் படங்களுக்கு பாரதிய சாக்ஷ்ய (சாட்சிய) சட்டம் பிரிவு 63 கேட்கும் மின்னணு ஆதாரச் சான்றையும் இணைத்துவிடுங்கள். வழக்கு முடியும்வரை அந்தக் கைபேசியை மாற்றவோ ரீசெட் செய்யவோ கூடாது.

கால வரம்பு 2 ஆண்டு. எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், ஆணையம் நீட்டித்தால் மேலும் 15 நாள்; அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2020-இல் முடிவாகச் சொல்லிவிட்டது. 46-ஆம் நாள் பதிலோடு வந்தால் ஏற்கக் கூடாது என்று எழுத்தில் ஆட்சேபியுங்கள். உங்களுக்குச் சாதகமாக உத்தரவு வந்து அவர்கள் மேல்முறையீடு போனால், உத்தரவான தொகையில் பாதியை மாநில ஆணையத்தில் கட்டியாக வேண்டும். மேல்முறையீடும் போடாமல் பணமும் தராமல் இழுத்தால், அதே சென்னை (வடக்கு) ஆணையத்தில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 72-ன் கீழ் மனுப் போடுங்கள். உத்தரவை மதிக்காதவர்களுக்குச் சிறையோ, குறைந்தது 25,000 ரூபாய் அபராதமோ விதிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு.