தேசிய மயிலுக்கு ஏன் கழுத்து முறிந்தது?

கே: புது வீட்டுக்காக, சந்தூர்ப் பக்கம் வெட்டிய பழைய மாமரத்தில் சோபா செய்தோம். நம் நாட்டு அடையாளம் தெரியட்டும் என்று படம் கொடுத்து மயிலும் சிங்க முத்திரையும் செதுக்கச் சொன்னோம். ஆறே மாதத்தில் மயிலின் கழுத்து முறிந்துவிட்டது. அடியில் மாவு கொட்டுகிறது. ஆசாரி ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், கிருஷ்ணகிரி

ப: பாதிப் பழி உங்களுடையது. மயில் 1963 முதல் தேசியப் பறவை, மாம்பழம் தேசியப் பழம், எல்லாம் சரி. மரத்துக்கு அந்தப் பெருமை தெரியாது. அதற்குத் தெரிந்தது ரேகை, அதாவது மரத்தின் நார் ஓடும் வாட்டம், ஒன்றுதான். சாய்மானப் பலகையில் ரேகை படுக்கைவாட்டில் ஓடும். அதிலேயே ஓர் அங்குலக் கழுத்தை நிமிர்த்திச் செதுக்கினால் ரேகை கழுத்துக்குக் குறுக்கே விழும். குழந்தை பிடித்துத் தொங்கினால் பிஸ்கட் மாதிரி முறியும். முத்திரைக்கு மூலமான சாரநாத் சிங்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை, அது கல். கழுத்தைத் தனிக்கட்டையில், ரேகை நெடுக ஓடும்படி செதுக்கி, கழுந்து (துளையில் செருகும் முனை) வைத்து உடலில் இறக்கியிருக்க வேண்டும். அல்லது பலகையை விட்டுப் பிரியாத புடைப்பாகவே விட்டிருக்கலாம். இப்போதைக்கு, முறிந்த இரண்டு முகத்திலும் ஓர் அங்குல ஆழம் துளைத்து, 6 மி.மீ. மூங்கில் ஆணி கொடுத்து ஒட்டச் சொல்லுங்கள். வெறும் பசை நிற்காது.

மாவு விஷயத்தில் தப்பு ஆசாரி மேல்தான். மாங்கட்டையில் மாவுச்சத்து அதிகம், வண்டுக்கு விருந்து. முகப்புக்குப் பாலிஷ் போட்டவர் அடிப்பக்கத்தை அப்படியே விட்டிருப்பார். வண்டு முட்டையிடுவது அந்தத் திறந்த துவாரங்களில். சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள், குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் தெரியும். 10 லிட்டர் வெந்நீரில் 300 கிராம் வெங்காரம் (போராக்ஸ்), 200 கிராம் போரிக் அமிலம் கரைத்து, பாலிஷ் படாத பக்கம் மூன்று கை பூசுங்கள். ஓட்டைகளுக்குள் ஊசியால் ஏற்றுங்கள். மாவு உடனே நிற்காது, உள்ளே இருக்கும் புழு சாகக் கொஞ்சம் நாளாகும். நன்றாகக் காய்ந்தபின் அடியிலும் பாலிஷ். (மண்ணெண்ணெய் தடவச் சொல்வார்கள். நாற்றம்தான் மிஞ்சும்.) செதுக்குமுன்பே பலகையை இந்தக் கரைசலில் ஊறவைத்து, நிழலில் அடுக்கி, ஈரம் 12 சதவீதத்துக்கு இறங்கியபின் உளியை எடுத்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

சிங்க முத்திரையா? அரசுச் சின்னத்தைக் கண்டபடி பயன்படுத்துவதைத் தடுக்க 2005-லேயே சட்டம் வந்துவிட்டது. இழைத்து எடுத்துவிடுங்கள், முதுகு சாய்க்கவும் சௌகரியம்.