ஒரு பக்க ஹெட்லைட்டில் மட்டும் ஈரம்

முழு லைட்டையும் இப்போதைக்கு மாற்றாதீர்கள். பல்ப் மாற்றிய பிறகுதான் வலப்பக்க ஹெட்லைட்டின் உள்ளே மட்டும் ஈரம் படிகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பின்னால் உள்ள ரப்பர் மூடி சரியாகப் பொருந்தவில்லை என்றே நினைக்கிறேன்.

பொனட்டைத் திறந்து மூடியைக் கழற்றிப் பாருங்கள், விளிம்பு மடிந்திருக்கலாம், வெடித்திருக்கலாம். சிறிய காற்றுத் துவாரத்தில் சேறு அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதைச் சிலிக்கன் பூசி அடைக்க மட்டும் விடாதீர்கள் (சில கராஜ்களில் முதல் வேலையே அதுதான்). ஈரம் உள்ளேயே சிக்கிவிடும்.

நல்ல வெயிலில் மூடியைக் கழற்றி, லைட்டை அணைத்தபடி சில மணி நேரம் காயவிடுங்கள். கொழும்பில் ஒக்டோபர், நவம்பர் பின்னேர மழைக்குள் திறந்துவைத்தால் ஈரக்காற்றுத்தான் உள்ளே போகும்.

அடியில் தண்ணீர் தேங்கி நின்றால் கதை வேறு: கண்ணாடி ஒட்டு விட்டிருக்கும், அல்லது கீறல். எல்ஈடி என்றால் உள்ளே சர்க்கிட் இருக்கிறது, உடனே காட்டுங்கள்.