குருத்தெலும்பு செல்லை நம்பி மகளை அனுப்பலாமா?

"பி.எஸ்சி. பயோடெக் முடித்துவிட்டாள். இப்போது குருத்தெலும்பு செல் ஆராய்ச்சி என்கிறாள். இதில் சோறு கிடைக்குமா?" என்று எழுதியிருக்கிறீர்கள், அம்மா. சோற்றுக்கு அப்புறம் வருகிறேன். அவளைப் பிடித்திருப்பது எது என்று முதலில் பார்த்துவிடலாம்.

ஆட்டுக்கால் சூப்பில் எலும்பின் முனை வெள்ளையாக வழுவழுவென்று இருக்குமே, அதுதான் குருத்தெலும்பு. அதில் ரத்தக்குழாய் கிடையாது. அதனால் அடிபட்டால் சரியாக ஆறாது. நோயாளியின் முழங்காலிலிருந்தே கொஞ்சம் வெட்டியெடுத்து, செல்களைப் பிரித்து, வெளியில் வளர்த்துப் பெருக்கி, சேதமான இடத்தில் வைத்தால் என்ன? ஸ்வீடனில் கோத்தன்பர்க் மருத்துவர்கள் 23 பேருக்கு அப்படிச் செய்து 1994இல் முடிவை வெளியிட்டார்கள்.

வில்லங்கம் பெருக்குவதில்தான் இருக்கிறது. உடம்புக்குள் உருண்டையாக இருந்த செல், வளர்க்கும் குப்பியான பிளாஸ்க்கின் அடியில் ஒட்டியதும் தட்டையாகப் படர்கிறது. பாசேஜ், அதாவது பிரித்துப் புது பிளாஸ்க்குக்கு மாற்றும் தடவை, ஏற ஏற நீண்டு, நூல் நூற்கும் கதிர்போல ஆகிறது. சாகவில்லை, ஜோராகப் பெருகுகிறது. ஆனால் குருத்தெலும்புக்கு வேண்டிய இரண்டாம் வகை கொலாஜன் என்ற புரதத்தைக் குறைத்துக்கொண்டு, தோலிலும் தழும்பிலும் இருக்கும் முதல் வகையைச் செய்ய ஆரம்பிக்கிறது. எண்ணிக்கை வேண்டுமென்றால் குணம் போகிறது. கோழிக்கருவின் செல்களில் இந்தக் குண இழப்பை ஹோவர்ட் ஹோல்ட்சர் குழு அமெரிக்காவில் 1960லேயே எழுதிவிட்டது. 1982இல் பென்யா, ஷாஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இப்படிக் குணம் மாறிய முயல் செல்களைக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் கூழுக்குள் வைத்தார்கள். ஒட்டிப் படரத் தரை இல்லை. செல்கள் மறுபடி உருண்டன, இரண்டாம் வகை கொலாஜனும் திரும்பியது! இதை வைத்து மனிதர்களுக்கு உபதேசம் சொல்ல மேடைப் பேச்சாளர்கள் இருக்கிறார்கள், நான் அந்தப் பக்கம் போகவில்லை.

சரி, சோறு. வெறும் பி.எஸ்சி.க்கு இங்கே பெரிய சம்பளம் இல்லை, மறைக்க மாட்டேன். எம்.எஸ்சி. வேண்டும். அதிலும் செல் கல்ச்சரில், அதாவது செல் வளர்ப்பில், கை வைத்துச் செய்த ப்ராஜெக்ட் வேண்டும். சிஎஸ்ஐஆர்-நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு எழுதி ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. வேலூர் சிஎம்சியில் ஸ்டெம் செல் ஆய்வு மையமும் திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவத் தொழில்நுட்ப நிறுவனமும் இருப்பதால் ஊரைவிட்டு வெகுதூரம் போகவேண்டும் என்றும் இல்லை. ஆராய்ச்சி ஒத்துவராவிட்டாலும் இதே கைவேலை தடுப்பூசி, உயிர்மருந்துக் கம்பெனிகளில் செல்லுபடியாகும். "ஸ்டெம் செல் சான்றிதழ், பத்தே நாளில்" என்று பணம் கேட்பவர்களிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

என் கவலை சம்பளத்தைவிட அவள் பொறுமையைப் பற்றியது. செல்லுக்கு ஞாயிறு, பொங்கல் தெரியாது, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதன் சாப்பாடான மீடியம் திரவத்தை மாற்றியாக வேண்டும். பூஞ்சை விழுந்தால் மூன்று வார உழைப்பு குப்பைக்குப் போகும். என்னிடம் வந்த ஒரு பையன் முதல் பிளாஸ்க் கெட்டதுமே வங்கித் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டான். அதில் தப்பே இல்லை, ஆனால் எம்.எஸ்சி. ஃபீஸ் கட்டிய பிறகு தெரிந்துகொண்டான்.

அதனால் இந்தக் கோடையில் இரண்டு மாதம் ஏதாவது ஒரு கல்ச்சர் லேபில் பயிற்சிக்கு விடுங்கள். அவளே நான்கைந்து பேராசிரியர்களுக்கு மெயில் போடட்டும், நீங்கள் போடவேண்டாம். ஒரு பிளாஸ்க்காவது கெட்ட பிறகு அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள், எம்.எஸ்சி. விண்ணப்பத்தை அப்போது பார்ப்போம்.