மண்டாயில் மழை பிடித்துக்கொண்டால்

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மண்டாயில் இருக்கும் சிங்கப்பூர் விலங்கியல் தோட்டத்துக்குப் போனீர்கள். காலை ஒன்பது மணிக்கே பேய்மழை பிடித்துக்கொள்ள, ஒன்றையும் பார்க்காமல் திரும்பிவிட்டீர்கள். ஜூன் விடுமுறைக்குள் மறுபடி போகலாமா, போய் மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகப் போங்கள் தம்பி. இங்கே சராசரியாக ஆண்டுக்கு 171 நாள் மழை. மழைக்குப் பயந்தால் வீட்டை விட்டே கிளம்ப முடியாது. எந்த மாதத்தில் எந்த மழை, அது எவ்வளவு நேரம் நீடிக்கும் என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை விட்டது.

நீங்கள் மாட்டியது பெரும்பாலும் சுமத்ரா சூறைக்காற்றாக இருக்கும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலுக்கு முன்போ காலையிலோ மேற்கிலிருந்து வரும். முதலில் காற்று சட்டென்று குளிரும், மேற்கு வானம் ஒரே கோடாகக் கறுக்கும், மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடிக்கும். ஒன்றிரண்டு மணி நேரம் கொட்டிவிட்டுக் கிழக்கே நகர்ந்துவிடும். ஆகவே ஜூனில் காலை ஆறு மணிக்கு மழை என்றால் பயணத்தை ரத்து செய்யாதீர்கள், பத்தரைக்குக் கிளம்புங்கள். தோட்டம் மாலை ஆறு வரை திறந்திருக்கும்.

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பெரும்பாலும் கதை தலைகீழ். வெயில் ஏற ஏற மேகம் திரண்டு, பிற்பகலில் இடியோடு இறங்கும். அந்த மாதங்களில் எட்டரைக்குக் கதவு திறக்கும்போதே உள்ளே இருங்கள், ஒரு மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். டிசம்பர், ஜனவரியில் மட்டும் நம்ம ஊர் அடைமழை மாதிரி நாள்கணக்கில் விடாமல் பெய்வது உண்டு. அப்போது காத்திருந்து பயனில்லை, தேதியை மாற்றுவதுதான் புத்திசாலித்தனம்.

வானிலை முன்னறிவிப்பில் நாள் முழுவதுக்குமாகப் போட்டிருக்கும் இடி மின்னல் படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். எங்கோ ஒரு மூலையில் பெய்தாலும் அந்தப் படம்தான் வரும். ‘மைஇஎன்வி’ (myENV) என்ற அரசுச் செயலியில் மழைப் பகுதி வரைபடமும் அடுத்த இரண்டு மணி நேர முன்னறிவிப்பும் இருக்கும், அதைப் பாருங்கள். பச்சை என்றால் தூறல், மஞ்சள் மிதமான மழை, சிவப்பு கனமழை. சுமத்ராவுக்கும் மலேசியாவுக்கும் நடுவே உள்ள மலாக்கா நீரிணைப் பக்கம் வில் போல வளைந்த பட்டை ஒன்று கிழக்கு நோக்கி நகர்ந்தால் அதுதான் சூறைக்காற்று. பத்து நிமிட இடைவெளியில் இரண்டு தடவை பார்த்தால் எவ்வளவு வேகமாக வருகிறது என்று பிடிபடும். மண்டாய், சிங்கப்பூர்த் தீவின் வடபகுதியில் நீர்த்தேக்கத்தை ஒட்டி இருக்கிறது. மேற்கே ஜூரோங்கில் கொட்டுவதை வைத்து அங்கேயும் கொட்டும் என்று நினைக்க வேண்டாம்.

உள்ளே இருக்கும்போது பிடித்துக்கொண்டால் நனைவதைவிட மின்னல்தான் முக்கியம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி ஆன பிறகுதான் வெளியே வர வேண்டும். சுவரில்லாத சிறு கூரை மழையைத் தடுக்கும், மின்னலைத் தடுக்காது. மரத்தடியில் ஒதுங்கவே கூடாது, சூறைக்காற்றில் கிளை முறிந்து விழும். நீர்த்தேக்க ஓரத்திலும் நிற்காதீர்கள். பிள்ளைகள் தண்ணீரில் விளையாடும் இடத்தையும் திறந்தவெளிக் காட்சிகளையும் மின்னல் வந்தால் நிறுத்துவார்கள். கோபப்படாதீர்கள், நிறுத்துவதுதான் நியாயம்.

அந்த நேரத்தை வீணாக்க வேண்டாம். பதினொரு மணியானாலும் சாப்பாட்டை முடித்துவிடுங்கள், மழை விட்டதும் மற்றவர்கள் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது நீங்கள் விலங்குகளிடம் இருக்கலாம். ஊர்வன இருக்கும் ரெப்டோபியாவும் கூரைக்குக் கீழ்தான். மழை விடாது என்று தெரிந்தால் பக்கத்திலேயே ரிவர் வொண்டர்ஸ் என்ற ஆற்று விலங்குப் பூங்கா இருக்கிறது. அதற்குத் தனி டிக்கெட். பாண்டா மண்டபமும் அமேசான் மீன் தொட்டிகளும் உள்ளரங்கம் என்பதால் தாத்தா பாட்டிக்குச் சௌகரியம்.

இடியில்லாத வெறும் தூறல் என்றால் நடங்கள். நீர்நாய்க்கும் குட்டை நீர்யானைக்கும் தூறல் ஒரு பொருட்டே இல்லை. ஒராங்ஊத்தான் இருக்கும் இடத்தில் கொஞ்சம் நின்று பாருங்கள், பெரிய இலைக்கொத்தை ஒடித்துத் தலைக்குமேல் பிடித்துக்கொள்ளும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. இதைப் பார்க்க வெயில் நாளில் கொடுத்து வைக்காது. மழை விட்ட பிறகு வரும் ஒரு மணி நேரம்தான் மிக நல்லது: சூடு தணிந்திருக்கும், கூட்டம் கலைந்திருக்கும், நிழலில் சுருண்டு கிடந்த விலங்குகளும் எழுந்து நடமாடும்.

பைக்குள் ஆளுக்கொரு ரெயின்கோட், பிள்ளைகளுக்கு ஒரு செட் உடை, சின்னத் துண்டு, ஈரத்துணி போட இரண்டு பிளாஸ்டிக் பை. ரெயின்கோட் ஏன் என்றால், குடை பிடித்த கையால் தள்ளுவண்டியைத் தள்ளவும் முடியாது, பிள்ளையைப் பிடிக்கவும் முடியாது. தள்ளுவண்டிக்குப் பிளாஸ்டிக் மூடி போட்டால் மழை விட்டதும் உடனே கழற்றுங்கள், வெயில் வந்தால் உள்ளே குழந்தை வெந்துபோகும். ரப்பர் செருப்பு ஈரச் சரிவில் வழுக்கும், பெரியவர்களுக்குக் கண்டிப்பாகப் பின்பட்டை வைத்த செருப்பு. கொசு மருந்தும் இருக்கட்டும், டெங்கி உள்ள ஊர் இது.

மழையில் நனைந்து வந்த பிள்ளைகளை அப்படியே பேருந்தில் ஏற்றாதீர்கள். ஏசிக் குளிரில் ஈர உடையோடு உட்கார்ந்தால் கிடுகிடுவென்று நடுங்கிப்போவார்கள். நுழைவாயில் கழிவறையில் துடைத்து உடை மாற்றி, உள்பனியன் முதல் எல்லாம் காய்ந்ததாகப் போட்டுவிட்டு ஏறுங்கள். மழை நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் கிராப் வாடகைக் கார் தேடுவதால் கட்டணம் எகிறும். காத்திப் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் போகும் மண்டாய் பேருந்து இருக்கிறது, ஸ்பிரிங்லீஃப் வழியாக அங் மோ கியோ போகும் 138-ம் எண் பேருந்தும் இருக்கிறது. தள்ளுவண்டியை மடித்து வைத்துக்கொண்டு வரிசையில் நில்லுங்கள்.